இடது வளைவில் ஒரு விக்கல்

என் தங்கை சுமதியை வீட்டுக்கு அழைத்து வரத்தான் பினாங்குக்குப் போனேன். "அண்ணே, நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. இந்த மனுசன் அந்தக் காடியோடயே குடும்பம் நடத்தட்டும்" என்று போனில் சொன்னாள். அங்கே காரைக் காடி என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து எதற்குமே குறை சொல்லாதவள். அன்று அவள் குரலில் அழுகைகூட இல்லை, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் கோயம்புத்தூரில் பம்புசெட் வியாபாரம் செய்கிறவன். கடையை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு, பெரிய பொட்டலமாக முறுக்கு கட்டிக்கொண்டு கிளம்பினேன். சண்டை தீர்க்கப் போனாலும் பெண் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

விமான நிலைய வாசலில் மாப்பிள்ளை குணசேகரன் நின்றிருந்தார். பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன் வேலை. "வாங்க மச்சான், பிரயாணம் எப்பிடி இருந்துச்சு?" என்று பையை வாங்கிக்கொண்டவர் முகத்தில் தூக்கமே இல்லை. அவருடைய கார் சிவப்பு நிறம். சின்ன உருவம்தான், ஆனால் ஸ்டார்ட் செய்ததும் மாவு மில் ஓடுவது மாதிரி சத்தம் போட்டது. நேர்ச்சாலை வந்ததும் காலை ஒரு அழுத்து அழுத்தினார். பின்சீட்டில் இருந்த முறுக்குப் பொட்டலம் சீட்டில் மோதி வாய் பிளந்தது.

"பாத்தீங்களா மச்சான்? இன்னும் பாதி டியூனிங்தான் ஆயிருக்கு" என்றார்.

மீதிப் பாதியும் ஆனால் முறுக்கு மாவாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஓரமாக நின்ற ஒரு நீலப் பை. ஜிப் போட்டு, பட்டை கட்டி, ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. சுமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "செருப்ப வெளிய விடச் சொல்லுண்ணே" என்றாள். என் செருப்பு வெளியில்தான் இருந்தது. அவள் சொன்னது எனக்குப் பின்னால் நின்றவருக்கு.

"விட்டாச்சுன்னு சொல்லுங்க மச்சான்" என்றார் அவர்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் தபால்காரன் உத்தியோகம். சாப்பாடு தயார், மாத்திரை போட்டாரா, நாளைக்கு என்ன சிப்டு என்று இந்தப் பக்கச் செய்தியை அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இருவருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது. பஞ்சாயத்துக்கு அண்ணன் வந்துவிட்டான் என்றால் அவன் தீர்ப்புச் சொல்லும்வரை நேரில் பேசக் கூடாது என்று இரண்டு பேரும் எப்படித்தான் முடிவு செய்தார்களோ.

மறுநாள் காலை மாப்பிள்ளை என்னைக் கீழே ஒரு ரொட்டிக் கடைக்கு அழைத்துப் போனார். நம் ஊர் பரோட்டாவுக்குத் தம்பி மாதிரி இருக்கிற ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்தபடி பாடம் ஆரம்பித்தது.

"இஞ்சினு ஹாப் கட்டுலேர்ந்து எடுத்தது மச்சான்."

ஜப்பானில் பழைய காரைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்களாம். அதற்குப் பெயர்தான் ஹாப் கட். அதிலிருந்து இஞ்சினைக் கழற்றி நம் காரில் வைத்துக்கொள்ளலாமாம். எனக்கு வாழைத்தாரை வெட்டி அனுப்புவதுதான் ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினேன்.

"காடி பழசு, இஞ்சினு வேற. அதோட கம்ப்யூட்டருக்கு எவ்ளோ பெட்ரோல் ஊத்தணும், எப்ப நெருப்பு வைக்கணும்னு புதுசா சொல்லிக் குடுக்கணும். அதான் டியூனிங்."

"அதை யாருங்க மாப்ளை சொல்லிக் குடுப்பாங்க?"

"அதான்லா பிரச்சனையே."

இரண்டு வழி இருந்தது. ஒன்று, கெப்பாலா பத்தாஸில் லிம் என்கிற சீனர் வைத்திருக்கும் பட்டறை. அங்கே டைனோ என்று ஒரு மிஷின். காரை உருளைமேல் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். சக்கரம் தலைதெறிக்கச் சுற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். லிம் பக்கத்தில் இருந்தே எல்லாவற்றையும் திருத்திவிடுவார். அரை நாள் வேலை. இன்னொரு வழி ரிமோட். ஈப்போவில் பிறந்து இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் ஜெயன் என்ற பையன், ஒரு பைலை அனுப்புவான். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஓட்ட வேண்டும். இஞ்சின் என்னவெல்லாம் செய்தது என்று லேப்டாப் பதிவு செய்யும். அந்தப் பதிவை அவனுக்கு அனுப்பினால், பார்த்துத் திருத்திப் புதுப் பைல் அனுப்புவான். மறுபடி ஓட்ட வேண்டும். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஓட்டுறதும் நீங்க, லேப்டாப் பாக்கறதும் நீங்களேங்களா?"

"இல்ல மச்சான். சுமதிதான் பக்கத்துல உக்காந்து புடிச்சிக்கிட்டு வரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலை நரைத்த ஒரு பெண்பிள்ளையை மடியில் லேப்டாப்போடு உட்கார வைத்து, வாரா வாரம் மலையில் பறந்தால் அவள் பை கட்டாமல் என்ன செய்வாள்? "அந்த ரிமோட்டு வேண்டாமுங்க. டைனோவுக்கே போயிருங்க" என்று அந்த நிமிடமே தீர்ப்புச் சொன்னேன். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததில் இன்னொரு ரொட்டிகூடச் சொன்னேன்.

மாப்பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நானும் அப்பிடித்தான் முடிவு பண்ணேன் மச்சான். சனிக்கெழமைக்கு லிம்கிட்ட பேசியாச்சு. சுமதி பயப்படுதேன்னு அதுக்காகத்தான் பேசினேன். அதச் சொன்ன அன்னிக்குத்தான் பைய எடுத்துக் கட்டிச்சு."

ரொட்டி வந்தது. தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஆள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மலாயில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். "டைனோவுக்குப் போனால் நம்பர் கிடைக்கும், ரோட்டுக்குப் போனால் சமன் கிடைக்கும்" என்றாராம். சமன் என்றால் போலீஸ்காரர் கொடுக்கும் அபராதச் சீட்டு.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "டைனோ நல்லதுதானே, சுமதி?"

"நல்லதுதாண்ணே."

"நீ இனிமே அந்தக் கார்ல உக்கார வேண்டியதில்லை."

"ஆமா."

"அப்புறம் என்ன கோபம்?"

"ஒரு கோவமும் இல்ல. என்னைக்குக் கெளம்புறோம்னு மட்டும் சொல்லு." மீனைத் திருப்பிப் போட்டு இன்னும் அழுத்திக் கழுவினாள்.

யோசிக்கலாம் என்று தனியாகக் கிளம்பிப் பஸ் ஏறினேன். ஊர் நடுவில் இருக்கும் கொம்தாருக்குப் போக ஏறியவன், குழப்பத்தில் இறங்காமலே படகுத்துறை வரை போய்விட்டேன். காற்று நன்றாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், இப்போதெல்லாம் இந்த ஃபெரிப் படகில் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிளும் ஆளும் மட்டும்தான் என்று நான் கேட்காமலே சொன்னார். எந்த ஊர், என்ன வேலையாக வந்தேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"டைனோவெல்லாம் வேணாம்லா. ரோட்டுல ஓடுற காடிய ரோட்டுலதான் பாக்கணும். எம் மருமவன் அப்பிடித்தான் செஞ்சான்" என்றார்.

"இப்ப எப்படி ஓடுதுங்க?"

"வித்துட்டான்."

கோவையில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் மூன்றாவது ஆள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார். இங்கே டியூனிங்கைப் பற்றிச் சொல்கிறார்கள். திரும்பும்போதும் தப்பான பஸ்ஸில் ஏறி, நன்றாகச் சுற்றிவிட்டுத்தான் வீடு வந்தேன்.

டைனோவுக்குப் போகும் முன் கடைசியாக ஒரு பதிவு அனுப்பச் சொல்லி ஜெயன் கேட்டிருந்தான். சனிக்கிழமை லிம்முக்குக் கொடுக்கும் பைல் சரியாக இருக்க வேண்டுமாம். மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளை சாவியோடு வந்து நின்றார். சுமதி அடுப்படியை விட்டு வரவில்லை. "அண்ணன் போவாரு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

கீழ்க் கடையில் ஒரு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு அண்ணன் போனான். பாயா தெருபோங் தாண்டி பாலிக் புலாவுக்கு மலைப்பாதை ஒன்று போகிறது. நம் மருதமலை ரோடு மாதிரி பத்து ரோட்டை முடிச்சுப் போட்டு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மடியில் லேப்டாப். "நான் சொல்றப்ப இந்த பட்டன அமுக்குங்க, போதும்னா மறுபடி அமுக்குங்க" என்றார். திரையில் பச்சையும் மஞ்சளுமாகக் கோடுகள் நெளிந்தன. அவர் எப்போது சொன்னார், நான் எப்போது அமுக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒரு வளைவில் குரங்கு ஒன்று தடுப்புச்சுவரில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அடுத்த வளைவில் என் வயிறு தனியாக ஒரு வளைவு எடுத்தது. லேப்டாப்பைக் காப்பாற்றுவதா ரொட்டியைக் காப்பாற்றுவதா என்ற நிலைமை.

பாலிக் புலாவ் கடைத்தெருவில் இறங்கி லக்சா சாப்பிட்டோம். மீனும் புளியும் சேர்ந்த குழம்பில் தடித்த நூடுல்ஸ், மேலே புதினா. கூடவே ஜாதிக்காய் தண்ணீர் என்று புளிப்பும் இனிப்புமாக ஒரு பானம். குடித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அப்போது பெர்த்திலிருந்து குரல் செய்தி வந்தது. மாப்பிள்ளை சத்தமாகப் போட்டார்.

"குணாண்ணே, இது யாரு எடுத்த ரெக்கார்டு? பாதி, காடி நிக்கிறப்ப எடுத்த மாதிரி இருக்கு. அக்கா வரலையா? அக்கா எடுத்தாங்கன்னா ஏசி போட்டிருந்துச்சா, ஏத்தமா எறக்கமா, சத்தம் எப்பிடி இருந்துச்சுன்னு எல்லாம் சொல்லி அனுப்புவாங்க. அதில்லாம எனக்குக் கண்ணக் கட்டின மாதிரி இருக்கு. அக்கா ஒரு விக்கல் சொன்னாங்களே, அது இன்னும் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

மாப்பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னங்க விக்கல்?"

"அது ஒண்ணுமில்ல மச்சான். மலை ஏறப்ப காடி விக்குது விக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஓட்டுறவன் எனக்கு ஒண்ணும் தெரியல. அப்பிடியே இருந்தாலும் டைனோல போட்டா தெரிஞ்சிரும்லா."

எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. என் காது முழுக்க என் வயிற்றிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை சுமதியோடு பசார் என்று அங்கே சொல்லும் சந்தைக்குப் போனேன். காய்க்காரியிடம் மலாய், மீன்காரரிடம் சீனம், என்னிடம் தமிழ் என்று அவள் பேசியதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. கோவையில் இருந்தபோது கடைக்காரர் மீதி கொடுக்கவில்லை என்றால் கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிடுவாள். செண்டோல் வண்டி பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு கிண்ணம் வாங்கினோம். பச்சைப் புழு மாதிரி நெளிகிற மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும். பார்க்கத்தான் சங்கடம், வாயில் போட்டால் விட மனமில்லை.

"அந்த ஜெயன் உன்னை விசாரிச்சான்" என்றேன்.

கரண்டி நின்றது. "என்னான்னு?"

"அக்கா இல்லாம கண்ணைக் கட்டின மாதிரி இருக்குன்னான்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே போனது. ஐஸைக் கிளறினாள். பிறகு சொன்னாள்.

"தம்பி வேலைக்குன்னு சிங்கப்பூர் போனப்பறம் வீட்ல பேச்சே இல்லண்ணே. அவரு சிப்டு முடிச்சு வருவாரு, சாப்பிடுவாரு, தூங்குவாரு. இந்தக் காடி வந்தப்பறம் ஞாயித்துக்கெழம காலைல ரெண்டு பேரும் கெளம்புவோம். மொதல்ல பயந்தேன். அப்பறம் பழகிப்போச்சு. போறப்பல்லாம் பேசிக்கிட்டே போவோம். மேல போய் சாப்ட்டு, ரெக்கார்டு அனுப்பிட்டு, அந்தப் பையன் என்னா சொல்றான்னு கேட்டுக்கிட்டு வருவோம். அப்பறம் ஒரு நாளு, டைனோவுக்குப் பேசிட்டேன், இனிமே நீ வர வேணாம், வீட்ல நிம்மதியா இருங்கிறாரு. என்னை ஒரு வார்த்த கேக்கல."

தம்பி என்று அவள் சொல்வது மகனை. அங்கே பிள்ளைகளை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

"இதை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"காடி விக்குதுன்னு சொன்னேன். அதையே கேக்கல. இத எப்பிடிண்ணே சொல்றது?"

அவளைக் காரிலிருந்து காப்பாற்றத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். அந்தக் காரில்தான் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

"நான் பேசட்டுமா?"

"வேணாம். நீ சொல்லி அவரு கேட்டா அது உனக்காக. எனக்கு அது வேணாம்."

வந்ததிலிருந்து எத்தனையோ செய்தி சுமந்தேன். சுமக்க ஆசைப்பட்ட ஒரே செய்தியைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "அப்ப நாளைக்கு டைனோவுக்கு எனக்குத் துணையா வா. அங்கே யார் என்ன பேசறாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியாது" என்று கெஞ்சினேன். அதற்கு மட்டும் சம்மதித்தாள்.

சனிக்கிழமை கடல்மேல் கட்டிய பாலம் தாண்டிப் போனோம். கெப்பாலா பத்தாஸை நெருங்கும்போது இரண்டு பக்கமும் வயல். நாற்று நட்ட வாசனை காருக்குள் வந்தது. முன்சீட்டில் நான், பின்சீட்டில் சுமதி. லிம்முடைய பட்டறை ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. காரை உருளைமேல் ஏற்றி நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கினார்கள். முன்னால் ஒரு பெரிய காற்றாடி. லிம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். கார் கத்திய கத்தலில் என் பல் கூசியது. சக்கரம் மலையே ஏறிவிடும் வேகத்தில் சுற்றியது, ஆனால் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன முருகன் படம்கூட ஆடவில்லை.

எங்கள் ஊரிலும் பம்பைக் கம்பெனியில் இப்படித்தான் மேடையில் வைத்துச் சோதிப்பார்கள். அருவி மாதிரி கொட்டும். கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கிய மறுநாள் விவசாயி போன் செய்வார். இதை லிம்மிடம் சொல்லலாமா என்று நினைத்து, மொழி தெரியாததால் சிரித்து வைத்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் சுமதி உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் லேப்டாப் பையை எடுத்து வந்திருந்தாள். அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். யாரும் அதைக் கேட்கவில்லை.

திரையில் ஒரு கோடு மேலே ஏறிப் போய் நின்றது. மாப்பிள்ளை முகம், பிள்ளை பாஸான தகப்பன் முகம். லிம்மிடம் தயங்கித் தயங்கி மலாயில் ஏதோ கேட்டார். விக்கலைப் பற்றித்தான். லிம் இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இங்கே ஒன்றும் இல்லை, ஆனால் ஏற்றமும் வளைவும் என் உருளையில் கிடையாது என்று சொன்னாராம். மாப்பிள்ளைக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

"விக்கல் இல்லன்னு சொல்லுங்க மச்சான்" என்றார் என்னிடம்.

நான் சொல்லவில்லை. சுமதி பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினாள். இப்படியே வீட்டுக்குப் போனால் இவள் என்னோடு வந்துவிடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், மனதில் ஒரு ஓரம் சந்தோஷப்பட்டது. தங்கை ஒரே ஊரில் இருப்பாள், தினமும் பார்க்கலாம். அந்த ஓரத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"மாப்ளை, அந்த ஜாதிக்காய் தண்ணியை இன்னொருக்கா குடிக்கணும் போல இருக்குதுங்க" என்றேன்.

"பாலிக் புலாவா? இப்பவா?"

"இப்பத்தானுங்க."

மனைவியின் அண்ணன் வாய்விட்டுக் கேட்டால் எந்த மாப்பிள்ளையும் மறுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். பின்சீட்டில் கால் நீட்ட வேண்டும் என்று சொல்லி நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சுமதி முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. டைனோவில் ஓடி ஓடிப் பெட்ரோல் முள் கீழே இறங்கியிருந்தது. வரும்போது ஊற்றிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை நேரே மலைக்கு விட்டார்.

ஏற்றம் ஆரம்பித்தது. என் மடியில் இந்தத் தடவை லேப்டாப் இல்லை, வயிற்றில் ரொட்டியும் இல்லை. இடதுபக்கம் ஒரு வளைவு வந்தது. இஞ்சின் கண் சிமிட்டும் நேரத்துக்கு மூச்சை விட்டுப் பிடித்தது.

"இந்தா" என்றாள் சுமதி, யாரையும் பார்க்காமல்.

வலது வளைவு வந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி இடது. மறுபடி அதே சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாதி ஆயுசாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் அது. சித்திரை வெயிலில் எந்தத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்றாலும் கேட்கலாம்.

"மாப்ளை, காத்து இழுக்குதுங்க" என்றேன்.

"என்ன மச்சான்?"

"பம்பு காத்து இழுக்குது. எங்க ஊர்க் கெணத்துல தண்ணி கம்மியானா மோட்டார் இப்படித்தான் விக்கும். கார் இடது பக்கம் திரும்பறப்ப டேங்க்ல இருக்கற கொஞ்சம் பெட்ரோல் வலது பக்கம் ஓடிருது. பம்பு வாய்க்குப் பெட்ரோல் இல்ல, காத்துத்தான் போகுது. அங்க உருளைமேல கார் அசையவே இல்லையே. பெட்ரோல் வெச்ச இடத்துலயே இருந்துச்சு."

மாப்பிள்ளை காரை ஓரம் கட்டினார். பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். பிறகு நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, என் பக்கம் திரும்பாமல், மனைவியிடம் நேராகக் கேட்டார்.

"எப்ப எப்பல்லாம் விக்குது?"

"எடது வளைவுல, ஏத்தத்துல. பெட்ரோல் கம்மியா இருந்தா ஜாஸ்தி. ஞாயித்துக்கெழமன்னா காடி லேசா இருக்கணும்னு நீங்க எப்பவும் கம்மியாத்தானே ஊத்துவீங்க."

"மொதல்லேர்ந்தேவா?"

"மொத நாள்லேர்ந்தே. சொன்னேன்."

அவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். "ஆமா. சொன்ன" என்றார். கீழே இறங்கி, சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு. நான் கேக்கறேன்."

சுமதி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். இறங்கிப் போய் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவள் பசாருக்கும் கோயிலுக்கும் ஓட்டுவாள் என்று தெரியும். இப்படி ஓட்டுவாள் என்று தெரியாது. மாப்பிள்ளை ஓட்டியபோது ரொட்டிக்காக மட்டும்தான் பயந்தேன், இவள் ஓட்டியபோது குலதெய்வத்தையே கூப்பிட்டேன். மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அடுத்த இடது வளைவில் இருவரும் ஒரே சமயத்தில் "இந்தா" என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் இருந்தேன்.

பாலிக் புலாவில் ஜாதிக்காய் தண்ணீர் குடிக்கும்போது ஜெயனுக்குச் செய்தி அனுப்ப மாப்பிள்ளை போனை எடுத்தார். எடுத்து, ஒரு கணம் நிறுத்தி, "நீயே சொல்லு" என்று அவளிடம் நீட்டினார். சுமதி பேசினாள், பேசினாள், என் டம்ளரில் ஐஸ் கரையும்வரை பேசினாள். பதில் உடனே வந்தது. டேங்குக்குள் தடுப்பு ஒன்று போட வேண்டும், அதுவரை நிரப்பியே ஓட்டுங்கள், லிம் கொடுத்த பைலை வைத்துக்கொண்டு சாலையில் இன்னும் நிறையப் பதிவு வேண்டும், அக்காதான் எடுக்க வேண்டும் என்றான் ஜெயன். ஆக, டைனோவா ரிமோட்டா என்று கேட்டால் இரண்டும் என்கிறான். அல்லது இரண்டும் இல்லை என்கிறானா, எனக்குப் புரியவில்லை.

நான் கிளம்பும் நாள் காலை கதவோரம் நீலப் பை இல்லை. கீழே போனால், காரின் பின்பக்கத்தில் என் பைக்கு அருகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்குத் திக்கென்றது. மலையில் பார்த்ததெல்லாம் என்ன? இவள் வருகிறாளா, இல்லையா? கேட்கப் பயமாக இருந்தது. வழியெல்லாம் இரண்டு பேரும் பெட்ரோலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். நேராகத்தான் பேசினார்கள், என் வழியாக இல்லை. அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் பிரிவார்களா என்றும் தோன்றியது. நல்லபடியாகப் பேசித்தான் பிரிகிறார்களோ என்றும் தோன்றியது.

விமான நிலையத்தில் இறங்கி, பின்கதவைத் தூக்கியதும் நான் முதலில் நீலப் பையைத்தான் எடுத்தேன்.

"அத வைண்ணே" என்றாள் சுமதி.

"நீ வரலையா?"

"அதுல ரெண்டு பேரு துணியும் இருக்கு. இப்பிடியே ரெண்டாவது பாலம் ஏறி, பைராம் தோட்டத்துல இவரு அக்கா வீட்டுக்குப் போறோம். இவரு லீவு போட்டிருக்காரு. போற வழியெல்லாம் ரெக்கார்டு எடுக்கணும்."

பையைத் திரும்ப வைத்தேன். நிம்மதியாக இருந்தது. மாடியறையை ஒழித்து அவளுக்குக் கட்டில் போட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன், அதை நினைத்தபோது கொஞ்சம் வலிக்கவும் செய்தது. இரண்டையும் முகத்தில் காட்டாமல் என் பையை இழுத்தேன்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், டைனோவா ரிமோட்டான்னு கடைசி முடிவு நீங்க சொல்லவே இல்லியே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சுமதி பக்கம் திரும்பிவிட்டார். "நீ என்னா சொல்ற?"

சுமதி முன்சீட்டில் ஏறி லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல டேங்க நெறப்புங்க" என்றாள்.